கொல்கத்தாவின் கிளப்புகளும் பார்க் ஸ்ட்ரீட் இரவுகளும்: ஒரு மதிப்புரை

வேலை நிமித்தமாகக் கொல்கத்தாவுக்கு வரும் தமிழ் நண்பர்கள் மாலை ஏழு மணிக்கு மேல் எங்கே போகலாம் என்று கேட்கும்போது, அவர்கள் மனத்தில் பெரும்பாலும் இரண்டு சித்திரங்கள் இருக்கும். வெள்ளைத் தூண்களும் அகன்ற புல்வெளியும் தலைப்பாகை கட்டிய பரிசாரகர்களும் கொண்ட பழைய கிளப் ஒன்று. மேடையில் பாட்டும் மேசையில் மதுவுமாக நீளும் பார்க் ஸ்ட்ரீட் மற்றொன்று. இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரண்டையும் பல மாலைகள் பார்த்துவிட்ட காரணத்தால் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளப்பின் கட்டடத்தையும் தோட்டத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆனால் அதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இரவுக்கும் இசைக்கும் போக வேண்டிய இடம் பார்க் ஸ்ட்ரீட். அதிலும் எனக்கு முதலிடம் ட்ரிங்காஸ் என்ற உணவகம்.

பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக 1911 வரை இருந்த ஊர் என்பதால், இங்கே கிளப்புகள் எண்ணிக்கையிலும் வயதிலும் மற்ற ஊர்களை மிஞ்சி நிற்கின்றன. கல்கத்தா கிரிக்கெட் அண்டு ஃபுட்பால் கிளப் தன் பிறப்பை 1792ஆம் ஆண்டில் வைத்துக் கணக்கிடுகிறது. 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே தோன்றிய கோல்ஃப் கிளப்புகளுள் மிகப் பழையது. 1827இல் பிறந்த பெங்கால் கிளப் ரஸ்ஸல் ஸ்ட்ரீட்டிலும், 1875இல் பிறந்த சாட்டர்டே கிளப் வுட் ஸ்ட்ரீட்டிலும், பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கின்றன. ஆக, உறுப்பினருக்கு மட்டும் திறக்கும் கதவும், கையில் காசுள்ள எவருக்கும் திறக்கும் கதவும் இந்த ஊரில் சில நூறு அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. ஒரே மாலையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான ஊர் இந்தியாவில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கிளப்புக்குள் நுழைவதற்கு வழிகள் இரண்டுதான். உறுப்பினர் ஒருவரின் விருந்தினராகச் செல்லலாம். அல்லது சென்னை, பெங்களூர், மும்பை போன்ற ஊர்களில் நீங்கள் உறுப்பினராக உள்ள கிளப், கொல்கத்தாவின் கிளப்போடு இணைப்பு ஒப்பந்தம் வைத்திருந்தால், உங்கள் கிளப்பின் செயலாளரிடம் அறிமுகக் கடிதம் பெற்றுச் செல்லலாம். இரண்டாவது வழியில் வருபவர்களுக்குத் தங்கும் அறையும் கிடைக்கக்கூடும் என்பதால், வேலையாக வரும் மூத்த அதிகாரிகள் பலர் நட்சத்திர ஓட்டலைத் தவிர்த்து அங்கேயே தங்குகிறார்கள். புதிதாக உறுப்பினராவது வேறு கதை. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், பிறகு குழுவின் ஒப்புதல், அதற்கும் பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு, கடைசியில் லட்சங்களில் ஒரு நுழைவுக் கட்டணம். ஒருவரைப் பிடிக்காத உறுப்பினர்கள் பெட்டிக்குள் கறுப்புக் குண்டைப் போட்டு அவர் விண்ணப்பத்தைக் கவிழ்க்கும் பழைய வழக்கம் இந்தக் கிளப்புகளின் மரபில் உண்டு. தேர்தல் முறை எவ்வளவு மாறியிருந்தாலும், அந்தக் குண்டின் நினைவு விண்ணப்பதாரர்களை இன்னும் பவ்யமாகவே வைத்திருக்கிறது.

உள்ளே போய்விட்டால் சேவையைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. பணம் கைமாறுவதில்லை, உறுப்பினர் ஒரு சீட்டில் கையெழுத்திடுவார், அல்லது அட்டையை நீட்டுவார், மாதக் கடைசியில் கணக்கு அவர் வீடு தேடி வரும். விருந்தினர் பணம் கொடுக்க முயல்வதே முறைகேடு. உணவு எளிமையானது, பழமையானது, பெரும்பாலும் சுவையானது: கொடுவா மீன் துண்டத்தை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, மூக்கில் ஏறும் கடுகு விழுதோடு தரும் ஃபிஷ் ஃபிரை, ஆட்டிறைச்சி ஸ்டியூ, கடைசியில் காரமல் கஸ்டர்ட். சமையலறையில் இருப்பவர்கள் பல ஆண்டுகளாக அதே உணவைச் செய்து வருபவர்கள் என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். மதுவின் விலையைக் கேட்டால் ஓட்டல்களில் குடித்துப் பழகியவருக்கு வியப்பு ஏற்படும். பத்தடி தள்ளி இருக்கும் நட்சத்திர ஓட்டலின் பாரில் ஒரு பெக்குக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே மேசையிலுள்ள அனைவரும் ஒரு சுற்று குடித்துவிடலாம்.

இந்த மலிவுக்குப் பின்னால் ஒரு சட்டக் கோட்பாடும் இருக்கிறது, அதில் சென்னைக்கும் பங்கு உண்டு. தன் உறுப்பினருக்கு உணவும் மதுவும் பரிமாறும் கிளப் வியாபாரம் செய்வதில்லை, ஏனென்றால் தனக்குத் தானே எவரும் எதையும் விற்க முடியாது, ஆகவே விற்பனை வரியும் இல்லை என்பது அந்தக் கோட்பாடு. சென்னையின் யங் மென்ஸ் இந்தியன் அசோசியேஷன் தொடர்பான வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 46ஆவது திருத்தம் கிளப்புகளையும் வரிவலைக்குள் கொண்டுவர முயன்றது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் கோட்பாடு உயிரோடுதான் இருக்கிறது என்று 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கின் பெயரில் இருந்தது கல்கத்தா கிளப். இரண்டு ஆண்டுகள் கழித்து, சரக்கு மற்றும் சேவை வரிக்காக, கிளப்பும் அதன் உறுப்பினரும் வெவ்வேறு நபர்களே என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஒரு தட்டு கட்லெட்டுக்காக இத்தனை பெரிய வாதம் நடந்திருக்கிறது என்பது எனக்குச் சிரிப்பாக இருந்தாலும், கிளப் என்பது உறுப்பினர்கள் தமக்குத் தாமே நடத்திக்கொள்ளும் வீடு என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதற்கு அந்த வழக்கைவிடச் சிறந்த சான்று இல்லை.

அந்த வீட்டுக்குள் யாரை விடுவது என்பதில்தான் இந்தக் கிளப்புகளின் வரலாறு கசக்கிறது. பெங்கால் கிளப்பில் விருந்துக்கு அழைக்கப்பட்ட பொறியியல் தொழிலதிபர் ராஜேந்திரநாத் முகர்ஜி, இந்தியர் என்பதால் அங்கே உணவருந்த முடியாமல் போனது, அதன் விளைவாகவே 1907இல் இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து உட்காரும் கல்கத்தா கிளப் உருவானது என்று அந்நகரத்தார் சொல்கிறார்கள். அப்படிப் பிறந்த கல்கத்தா கிளப் தன் பங்குக்குப் பெண்களை உறுப்பினராக ஏற்றுக்கொள்ள நூற்றாண்டு விழா வரை, அதாவது 2007 வரை, எடுத்துக்கொண்டது. பெங்கால் கிளப் இந்தியர்களைச் சேர்த்துக்கொண்டது 1959இல். நாடு விடுதலை பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இந்தியாவிலேயே இருந்த ஒரு வீட்டின் கதவு இந்தியருக்குத் திறந்தது. லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், வெள்ளையர் நிறுவனங்களில் சுருக்கெழுத்தராகவும் கணக்கராகவும் உழைத்த தாத்தாக்கள் பலர் உண்டு. தங்கள் மேலதிகாரிகள் மாலையில் காரேறிப் போன கிளப்பின் வாசலை அவர்கள் வெளியிலிருந்து மட்டுமே அறிந்திருந்தார்கள்.

ஆடை விதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுத்துப்பட்டையில்லாத பனியன் சட்டை, செருப்பு, அரைக்கால் சட்டை ஆகியவற்றுக்கு வரவேற்பறையிலேயே தடை விழும் என்று எண்ணிக்கொண்டு கிளம்புவது நலம். வேட்டி உடுத்திய உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 2014இல் சேப்பாக்கத்தில் உள்ள கிளப் ஒன்றில் திருப்பி அனுப்பப்பட்டதையும், அதற்காகவே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியதையும் மறவாத நமக்கு, அந்தச் சட்டம் கொல்கத்தாவில் துணைக்கு வராது என்பதும் நினைவிருக்க வேண்டும். அழைப்பவரிடம் அவருடைய கிளப்பின் விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான் போயிருந்த கிளப் ஒன்றில், குழந்தையைத் தூக்கி வந்த பணிப்பெண் உணவறைக்குள் வரக்கூடாது என்ற அறிவிப்பு மிக அழகான எழுத்தில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. அதைப் படித்த பிறகு எனக்கு அங்கே கஸ்டர்ட் இறங்கவில்லை.

இவற்றுள் ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிப்பேன். தெற்கே இருக்கும் டாலிகஞ்ச் கிளப்புக்கு. அதன் கதை வேலூரில் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை. வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தை, 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவுக்கு அனுப்பியது. ரிச்சர்ட் ஜான்சன் என்ற ஆங்கிலேயர் கட்டிய பண்ணை வீடும் அதைச் சூழ்ந்த தோட்டமும் பின்னர் அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தன. அவர்களிடமிருந்தே 1895இல் வில்லியம் குரூக்‌ஷாங்க் என்ற வங்கியாளர் அந்த இடத்தைக் கிளப்புக்காகப் பெற்றார். சுமார் 100 ஏக்கர் பரப்பில், கோல்ஃப் மைதானமும் முதிர்ந்த மரங்களும் பறவைகளும் நரிகளுமாக, நகரத்தின் நடுவில் இப்படியொரு வெளி எஞ்சியிருப்பதே ஒரு பெரும் பேறு. இங்கே மாலை ஐந்து மணிக்கு வந்து, வெளிச்சம் மறையும் வரை வராந்தாவில் அமர்ந்து தேநீர் குடிப்பது, கிளப்புகள் தரக்கூடிய இன்பங்களில் தலைசிறந்தது என்று நினைக்கிறேன். இரவானதும் கிளம்பிவிடலாம், அதற்கு மேல் அங்கே நடப்பது உறுப்பினர்களின் குடும்ப உரையாடல் மட்டுமே.

பூட்டிய கதவுக்கும் திறந்த கதவுக்கும் இடையே ஒரு பாலமாக இந்த நகரத்தில் ஒருகாலத்தில் இருந்தது, போரிஸ் லிசனேவிச் என்ற ரஷ்ய பாலே நடனக்காரர் 1936இல் திறந்த 300 கிளப். பெயருக்கேற்ப உறுப்பினர் எண்ணிக்கை அளவானது. ஆனால் இந்தியர், ஐரோப்பியர் என்ற வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை, பெண்களும் வந்தார்கள். மகாராஜாக்களும் வணிகர்களும் அதிகாரிகளும் விடியும்வரை ஆடிய இடம் அது. அதே காலத்தில் சௌரங்கியில் ஃபிர்போஸ் உணவகத்தின் நடனத் தளமும், கிராண்ட் ஓட்டலில் அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டின் ஜாஸும் புகழ்பெற்றிருந்தன. வெதர்ஃபோர்ட் 1945இல் இந்த நகரத்திலேயே காலராவுக்கு இரையானார். விடுதலைக்குப் பின் அந்த இசை, கிளப்புகளிலிருந்தும் பெரிய ஓட்டல்களிலிருந்தும் இறங்கி, ஒரு சாப்பாட்டின் விலை கொடுக்கக்கூடிய எவரும் நுழையக்கூடிய பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களுக்கு வந்து சேர்ந்தது. கொல்கத்தா இரவின் உண்மையான செல்வம் இந்த இடமாற்றம்தான்.

ட்ரிங்காஸ் முதலில் ஒரு தேநீரகம். ஃப்ளூரி, ட்ரிங்கா என்ற இரண்டு சுவிட்சர்லாந்துக்காரர்களின் கூட்டு வணிகம் பிரிந்தபோது, சாலையின் ஒரு பக்கத்தில் ஃப்ளூரீஸும் மறுபக்கத்தில் ட்ரிங்காஸும் நின்றன. 1959இல் ஓம் பிரகாஷ் பூரியும் எல்லிஸ் ஜோஷுவாவும் ட்ரிங்காஸை வாங்கி, மேடையும் இசைக்குழுவும் உள்ள உணவகமாக மாற்றினார்கள். தமிழ் வாசகருக்கு இந்த மேடையின் மீது ஒரு சொந்தம் உண்டு. மும்பையில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணான உஷா ஐயர், சென்னை அண்ணா சாலையில் சஃபையர் திரையரங்கத்தின் அடித்தளத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் என்ற இரவு விடுதியில் பட்டுப் புடவையோடும் பொட்டோடும் மேடையேறி ஆங்கிலப் பாடல்களைப் பாடத் தொடங்கினார். அங்கிருந்து அவர் வந்து சேர்ந்து 1969இல் பாடத் தொடங்கிய இடம் ட்ரிங்காஸ். உஷா உதுப்பாக நாடறிந்த பின்னும் அவர் கொல்கத்தாவையே தன் ஊராக்கிக்கொண்டார். புடவை கட்டிய பெண் இரவு விடுதியில் பாடினால் கூட்டம் என்ன சொல்லுமோ என்று அஞ்சாமல் ஒரு மேடையைத் தந்ததற்காகவே நான் இந்த உணவகத்துக்குக் கூடுதல் மதிப்பெண் போடுவேன். லண்டனுக்குப் போய்ப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் பித்துவும் இளமையில் இங்கே பாடியவரே.

இன்றைய ட்ரிங்காஸ் பழம்பெருமையில் மட்டும் வாழவில்லை என்பதே என் முக்கியமான பாராட்டு. மேடை இன்னும் மேடையாகவே இருக்கிறது. பாடகரும் இசைக்குழுவும் நேரில் வந்து வாசிக்கிறார்கள். பழைய ஆங்கிலப் பாடல்களில் தொடங்கும் மாலை, நேரம் ஆக ஆக இந்தித் திரைப்பாடல்களுக்கு நகரும். பக்கத்து மேசையில் பிறந்தநாள் கொண்டாடும் மூன்று தலைமுறைக் குடும்பம், அதற்கடுத்த மேசையில் தனியாக வந்து ஒரு பீரோடு அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓரத்தில் கல்லூரி மாணவர்கள் என்று, எந்தக் கிளப்பின் உணவறையிலும் ஒன்றாகப் பார்க்க முடியாத கலவை இங்கே இயல்பாக உட்கார்ந்திருக்கும். பாட்டு கேட்க விரும்புபவர் பேசுபவரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது கச்சேரி சபா அல்ல. உணவில், கான்டினென்டல் வகைகளும் இந்திய வகைகளும் உண்டு. சீன வகைகளைத் தேர்ந்தெடுப்பதே நலம் என்பது என் அனுபவம். சைவ உணவுக்காரர்களுக்கும் அதில் வழி உண்டு. சமையலுக்காக மட்டும் போக வேண்டிய இடமா என்று கேட்டால், இல்லை. நேரடி இசையோடு உட்கார்ந்து சாப்பிடும் இடமா என்று கேட்டால், இந்த ஊரில் இதற்கே என் வாக்கு.

சமையலுக்காகவே போக விரும்புபவர் சில அடிகள் தள்ளி மொக்காம்போவுக்குப் போகலாம். 1950களின் நடுவில் திறந்த இந்த உணவகத்தின் மேடையில்தான் பாம் கிரெய்ன் என்ற ஆங்கிலோ-இந்தியப் பாடகி ஜாஸ் பாடினார். இப்போது அங்கே சிவப்பு விளக்குகளும் மென்மையான இருக்கைகளும் மட்டும் அந்தக் காலத்தைச் சொல்கின்றன. நண்டுச் சதையைப் பாலாடைக்கட்டிச் சாறில் கலந்து ஓட்டுக்குள்ளேயே வைத்துச் சுட்டுத் தரும் டெவில்டு கிராப் நம் ஊர் நண்டு வறுவலுக்கு எந்த வகையிலும் உறவில்லாதது, ஆனாலும் அருமையானது. அதே குடும்பத்தார் நடத்தும் பீட்டர் கேட்டில் செலோ கபாப் தட்டுக்காக எப்போதும் வரிசை நிற்கும்: வெண்ணெய்ச் சோறு, அதன் மேல் முட்டை, பக்கத்தில் கபாப். ஒலிம்பியா என்ற பழைய பெயரையுடைய ஓலி பப்பில் அலங்காரமும் இல்லை, இசையும் இல்லை. மாட்டிறைச்சி ஸ்டேக்கும் மலிவான மதுவும், மேசைக்கு மேசை அரசியல் விவாதமும்தான் உண்டு. ராக் இசை வேண்டும் என்பவர்களுக்கு, பார்க் ஓட்டலுக்குள் 1994இல் திறந்த சம்ப்ளேஸ் எல்ஸ் இருக்கிறது. காதைப் பிளக்கும் சத்தத்தை விரும்பாத எனக்கு அங்கே நீண்ட நேரம் உட்கார முடிவதில்லை. விரும்புபவர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

இந்தத் தெருவில் இசை ஏன் இத்தனை குறைந்துபோனது என்பதையும் தெரிந்துகொண்டு போனால், எஞ்சியிருப்பதன் அருமை புரியும். 1960களின் இறுதியில் மூண்ட நக்சல் இயக்கத்தின் கொந்தளிப்பு, அதைத் தொடர்ந்த நிறுவனங்களின் வெளியேற்றம், 1970களின் தீராத மின்வெட்டு, நேரடி இசை நடத்தும் உணவகங்கள் மீது விழுந்த கேளிக்கை வரி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக மேடைகளைச் சாய்த்தன. வாசித்தவர்களில் பெரும்பகுதியினர் ஆங்கிலோ-இந்தியர்களும் கோவாக்காரர்களும். அவர்களுள் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் குடிபெயர்ந்தார்கள். ப்ளூ ஃபாக்ஸ் உணவகத்தில் பியானோ வாசித்த லூயிஸ் பேங்க்ஸ் போன்றோரை மும்பைத் திரையிசை அழைத்துக்கொண்டது. இறால் காக்டெய்லுக்குப் பெயர்போன ஸ்கை ரூம் உணவகம் 1993இல் மூடியது. ஆனால் கிளப்புகள் மூடவில்லை. நுழைவுக் கட்டணமும் சந்தாவும் அவற்றைக் காப்பாற்றின. தெருவில் நின்ற உணவகங்களுக்கு அன்றாட வாடிக்கையாளரைத் தவிர வேறு காப்பு இல்லை. அதனால்தான், அந்தப் பருவங்களைத் தாண்டி இன்றும் இசைக்குழுவுக்குச் சம்பளம் கொடுக்கும் உணவகத்தை, அதே காலத்தைப் பாதுகாப்பாகக் கடந்த கிளப்பைவிட உயரத்தில் வைக்கிறேன்.

போகிறவர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள் சில. கிறிஸ்துமஸ் வாரத்தில் தெரு முழுவதும் விளக்கலங்காரம் செய்யப்பட்டு, ஆலன் பார்க்கில் இசை நிகழ்ச்சிகள் நடக்கும். பார்ப்பதற்கு அழகு, ஆனால் நிற்க இடம் இருக்காது, உணவகங்களில் மேசையும் எளிதில் கிடைக்காது. இசையை நிதானமாகக் கேட்க விரும்புபவர் நவம்பரிலோ பிப்ரவரியிலோ வாரநாள் ஒன்றில் போவது நல்லது. மேடைக்கு நேர்முன்னே உள்ள மேசை பேச்சுக்கு உதவாது, சுவரோரம் கேட்டு வாங்குங்கள். இசைக்குழுவிடம் பாடல் கேட்பது இங்கே வழக்கம்தான். சீட்டில் எழுதிப் பரிசாரகரிடம் கொடுத்தால் போதும். திரும்பும் நேரத்தில் பெரும்பாலும் மெட்ரோ ஓடாது. மஞ்சள் டாக்சிக்காரர்கள் இரவில் மீட்டருக்கு இசைய மாட்டார்கள் என்பதால், செயலி வழியாக வண்டியை முன்பதிவு செய்துகொண்டு, பில் வந்த பிறகு எழுந்தால் சரியாக இருக்கும்.